பெட்டி எங்கே நிற்கும்

இன்றைக்கு எங்கே போய்க் கணக்குத் தேடுவது? புத்தகத்தில் இருப்பதெல்லாம் செத்த கணக்கு. உயிரோடு ஒன்று வேண்டும் செண்பகத்துக்கு.

பணி முடிந்து கையுறையைக் கழற்றும்போதும் குழலிக்கு இதே யோசனைதான். நிலவின் சரக்குத்துறையில் சேரும் எல்லோருக்கும் கண்ணில் விடைப்படலம் பொருத்திவிடுவார்கள். கணக்கின் மேல் பார்வை பட்டதுமே விடை பச்சையாகத் தெரியும். கேள்வியைப் படித்து முடிக்கக்கூட நேரம் இருக்காது. கழற்றவும் முடியாது. ஆனால் பெரும்பள்ளத்தின் நிழலில் படலத்துக்குச் சிக்னல் எட்டாது. அங்கே வண்டி ஓட்ட விரும்புகிறவர்கள், படலம் வேலை செய்யாத அறையில் உட்கார்ந்து விசைக் கணக்குத் தேர்வு எழுத வேண்டும். அறைத்தோழி செண்பகம் இரண்டு முறை தோற்றிருந்தாள். நாளை கடைசி வாய்ப்பு.

அதனால் பயிற்சி கண்ணை மூடிக்கொண்டுதான். குழலி கணக்கைக் கண்டுபிடித்து வாயால் சொல்வாள். செண்பகம் மனதுக்குள் போடுவாள்.

சரக்குக் கொட்டகையின் மூலையில், பெட்டிகளைத் தள்ளிவிடும் உந்துபொறி முன்னால் ஒரு பெட்டி நின்றது. கண்ணை மூடியிருந்த செண்பகத்தைக் குழலி கைப்பிடித்து அழைத்துவந்தாள். பெட்டியின் நிறை, உந்துபொறி விடும் வேகம், தரையின் உராய்வு எண் எல்லாவற்றையும் சொன்னாள்.

"எங்க போய் நிக்கும்? சொல்லு."

செண்பகத்தின் உதடுகள் அசைந்தன. கண்ணைத் திறக்காமலே அடி எண்ணி நடந்து, குனிந்து, சுண்ணக்கட்டியால் கோடு இழுத்தாள். குழலி பொறியை அழுத்தினாள். பெட்டி கோட்டைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது.

சத்தம் கேட்டு செண்பகம் கண் திறந்தாள். "அய்யய்யோ!"

குழலி சிரித்தாள். "நிலாவுக்கு வந்து ரெண்டு வருஷமாச்சு, நீ இன்னும் தூத்துக்குடி ஹார்பர்லதான் பெட்டி தள்ளுத."

"சிரிக்காதட்டி." செண்பகமும் சிரித்துவிட்டாள். "இங்க பாரம் ஆறுல ஒண்ணு. உராய்வும் அப்படித்தான். நிறுத்தப் பிடிக்க ஆளில்ல, அதான் ஓடுது. இரு, மறுபடி போடுதேன்."

மறுபடி கண்ணை மூடிப் புதுக் கோடு இழுத்தாள். இம்முறை பெட்டி கோட்டின் மேலேயே நின்றது.

குழலி இன்னொரு பெட்டியை அதன் மேல் ஏற்றிக் கட்டினாள். "பாரம் ரெண்டு மடங்கு. அதே வேகம். இப்போ?"

செண்பகம் வெகுநேரம் கண்மூடி நின்றாள். நெற்றி சுருங்கியது, விரிந்தது. கண்ணில் விடை தெரியாமல் இப்படி நிற்பது எப்படி இருக்கும் என்று குழலி நினைத்தாள். தனக்குள் ஒரு கேள்வி முழுதாக வளர்ந்து எத்தனை நாளாயிற்று! அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க வியப்பும் கொஞ்சம் பொறாமையும் வந்தன.

செண்பகம் நடந்து போய், பழைய கோட்டின் மேலேயே மீண்டும் இழுத்தாள். உடனே சந்தேகம் வந்துவிட்டது.

"பாரம் கூடுனா உராய்வும் கூடுது. ஆனா நிறுத்துறதும் அந்த அளவுக்குக் கஷ்டமாகுது. ரெண்டும் அடிபட்டுப் போகுது... அப்படி இருக்குமா? அதே எடத்துலயா?"

குழலியின் கண்ணில் பச்சைக் கோடு, சுண்ணக் கோட்டின் மேல் அச்சாகப் படிந்து கிடந்தது.

"நீ பாத்துட்டதான? சரியா தப்பா, அத மட்டும் சொல்லுட்டி. நாளைக்குத் தோத்தா எனக்குப் பள்ளம் கெடையாது."

சரி என்ற சொல் குழலியின் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லிவிட்டால் இந்தப் பதில் படலத்தினுடையது ஆகிவிடும். நிழலுக்குள் போகும்போது இவள் கையில் ஒன்றும் இருக்காது.

அவள் செண்பகத்தின் விரலை எடுத்துப் பொறியின் பொத்தான்மேல் வைத்தாள்.

"நான் சொல்ல மாட்டேன்ட்டி. நீயே அழுத்து."