பஞ்சுவின் எடை

எடைக்கருவிக்குத்தான் கோளாறு என்று அக்கா முதலில் நினைத்தாள்.

சைக்கிள் பந்தயத்துக்குப் பெண்களைத் தயார் செய்யும் அந்த விடுதியில் தலைமைப் பயிற்சியாளரான அவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். மேடம் என்று கூப்பிடும் வாய் எதிர்த்து நாலு கேள்வி கேட்கும், அக்கா என்று கூப்பிடும் வாய் கேட்காது என்பதைத் தொழிலுக்கு வந்த புதிதிலேயே கண்டுபிடித்து வைத்திருந்த கெட்டிக்காரி. விடிந்ததும், ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல், சங்கிலி எண்ணெயும் பழைய ரப்பரும் மணக்கும் பின்கூடத்தில் பெண்கள் வெறுங்காலோடு வரிசையில் நிற்க வேண்டும். ஒவ்வொருத்தியாக எடைக்கருவியில் ஏற, அக்கா பக்கத்தில் நின்று எண்ணை உரக்கப் படிப்பாள். குறைந்திருந்தால் எல்லோரும் கைதட்டுவார்கள். கூடியிருந்தால் அவளுடைய காலைச் சாப்பாடு பக்கத்தில் நிற்பவளின் தட்டுக்குப் போய்விடும்.

அன்றைக்கு முதலில் ஏறியவள் சுட்டி, கூட்டத்திலேயே சின்னவள். சிவப்பு எண்கள் ஓடி ஓடி ஓர் இடத்தில் நின்றன. முந்தின நாளைவிட மூன்று கிலோ கூடுதல்.

“அக்கா, சத்தியமா நான் ஒண்ணுமே சாப்பிடல. ராத்திரி வெறும் தண்ணிதான் குடிச்சேன்.” சுட்டிக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்தவள் ஏறினாள். அவளுக்கும் மூன்று கிலோ. அதற்கடுத்தவளுக்கும் அதேதான். பின்னால் நிற்பவள் கருவியின் ஓரத்தில் கால் கட்டைவிரலை வைத்து அழுத்திவிட்டு முகத்தை அப்பாவியாக வைத்துக்கொள்வது விடுதியில் வழக்கமான விளையாட்டு. அக்கா சட்டென்று திரும்பிப் பார்த்தாள். பின்னால் சுவர்தான் இருந்தது. பெண்கள் எல்லோரும் எட்டி நின்றார்கள்.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. நகப்பூச்சை அழிக்கும் மருந்தின் வாடை போல, இனிப்பும் காட்டமும் கலந்து, யாரோ காதருகில் வாயைத் திறந்து மூச்சு விட்டது போல வந்தது. சோறில்லாத உடம்பு தன்னைத் தானே எரித்துத் தின்னத் தொடங்கினால் மூச்சில் அந்த வாடை வரும். முன்பெல்லாம் அது அடித்தால் அக்கா சந்தோஷப்படுவாள். ஆனால் இவ்வளவு நெடியாக அது ஒருத்தியிடமிருந்துதான் அடித்திருக்கிறது. அவள் செத்துப்போய் மழைக்காலம் ஒன்று முடிந்துவிட்டது.

அவளுக்குப் பஞ்சு என்று பேர் வைத்ததே அக்காதான். வரும்போது அவள் பஞ்சாக இல்லை, நல்ல கட்டுமஸ்தான பெண்ணாகத்தான் வந்தாள். வந்த அன்றைக்கே எல்லோர் முன்னாலும் அவள் இடுப்புச் சதையை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்து, “மேட்டுல இதையும் தூக்கிட்டுத்தான் ஏறப் போறியா?” என்று கேட்டாள் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சேர்ந்து சிரித்தாள், பாவம். அப்புறம் அவள் இளைக்க ஆரம்பித்தாள். மாதாமாதம் வருவது நின்றுபோய்விட்டது என்று பயந்து ஓடி வந்தபோது அக்கா அவள் முதுகில் தட்டிக்கொடுத்தாள். “உடம்பு வழிக்கு வந்துடுச்சுன்னு அர்த்தம்டி. தொல்லை விட்டுதுன்னு நிம்மதியா மிதி.” விடுதியில் எல்லாப் பெண்களும் அப்படித்தான் நம்பினார்கள். இன்னும் நிற்காதவள் ஒழுங்காக உழைக்கவில்லை என்று பேர், ஆகவே வந்தாலும் திருட்டுப் பொருளை மறைப்பது போல மறைத்துக்கொள்வார்கள்.

எலும்பு பொடிந்துகொண்டு வருகிறது, இதயம் ரொம்ப மெதுவாக அடிக்கிறது என்று விடுதி டாக்டர் சொல்லிப் பார்த்தார். “அவர் சொல்றத சொல்லட்டும். பந்தயத்துல அவரா வந்து மிதிக்கப் போறாரு?” என்று அக்கா அவர் வாயை அடைத்தாள். ஒரு சாயங்காலம் வாசலில் சைக்கிளை நிறுத்தி ஒரு காலைத் தரையில் ஊன்றினாள் பஞ்சு. விழவில்லை, எதன்மீதும் மோதவில்லை. ஊன்றிய காலின் எலும்பு இடுப்போடு முறிந்தது. படுக்கையில் கிடந்தவளின் இதயம் ஒருநாள் தூக்கத்திலேயே நின்றுபோனது. சவப்பெட்டியைத் தூக்கியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், உள்ளே ஆள் இருக்கிறதா என்று சந்தேகம் வந்ததைப் போல. பத்திரிகைக்காரர்களிடம் பிறவியிலேயே இதயத்தில் கோளாறு என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கியவள்தான் இந்த அக்கா.

மத்தியானம் மெக்கானிக் வந்து இரும்புத் தட்டுகளை ஏற்றிப் பார்த்தார். கருவி கொஞ்சமும் பிசகவில்லை.

“எல்லாம் சரியாத்தான் இருக்கு. நீங்க ஒரு தடவ ஏறுங்க பாப்போம்.”

ஏறினாள். அவளுக்கும் மூன்று கிலோ கூடுதல். “விருந்து எதுவும் பலமோ?” என்று மெக்கானிக் சிரித்தார். அக்கா கதவோரம் தள்ளிப் போய் நின்றுகொண்டு அவரை ஏறச் சொன்னாள். அவருடைய எடை சரியாக இருந்தது. அவர் இறங்காமல் இருக்கும்போதே அக்கா பக்கத்தில் வந்தாள். யாரும் எதையும் தொடவில்லை. எண் நகர்ந்து மூன்று கிலோ ஏறியது. அவள் விலகிப் போனாள், எண் இறங்கியது. மறுபடி வந்தாள், ஏறியது. மெக்கானிக் சிரிப்பை நிறுத்திவிட்டு, பேட்டரி மாற்ற வேண்டும் என்று யாருக்கோ சொல்வது போலச் சொல்லிக்கொண்டு வெளியே போய்விட்டார். கருவிக்குக் கோளாறில்லை, அக்கா போகும் இடத்துக்கெல்லாம் கூடவே ஒன்று வருகிறது என்பது அவளுக்குப் புரிந்தது.

அதற்குப் பிறகு தினமும் வரிசையைக் கலைத்து அனுப்பிவிட்டு, கூடத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தான் மட்டும் ஏறிப் பார்த்தாள். கூடுதல் எடை நாளுக்கு நாள் குறைந்துகொண்டு வந்தது. மூன்று கிலோ இரண்டரையாகி, இரண்டாகி, ஒன்றானது. செத்த பிறகும் பஞ்சு சொன்ன பேச்சு கேட்டு இளைத்துக்கொண்டிருந்தாள். சிவப்பு எண்ணைப் பார்த்துக்கொண்டே நின்ற அக்காவின் மனதில், தொழில் புத்தி போகுமா, “பரவால்லியே, நல்லாத்தான் குறைக்கிறா” என்று ஒரு நினைப்பு தன்னால் வந்து விழுந்தது. உடனே பிடரியில் ஒரு மூச்சு பட்டது. எடை குறைந்துவிட்டது என்று தெரிந்ததும் பெண்கள் அடக்கி வைத்திருந்த மூச்சை விடுவார்களே, அந்த மூச்சு.

ஒருநாள் கூடுதல் எதுவுமில்லை. கருவி அவளுடைய எடையை மட்டும் காட்டியது. வாடையும் இல்லை. பீடை தொலைந்தது என்று அக்கா சாப்பாட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்து வயிறு முட்டச் சாப்பிட்டாள். பெண்கள் தட்டில் கீரையை வைத்துக்கொண்டு அவள் வாயையே பார்த்தார்கள்.

மறுநாள் ஏறியபோது அவளே ஒரு கிலோ குறைந்திருந்தாள்.

குறைவதற்கு இனிப் பஞ்சுவிடம் எதுவும் மிச்சமில்லாததால், அவள் கணக்கு அக்காவின் உடம்பில் தொடர்ந்தது. அக்கா சாப்பாட்டைக் கூட்டினாள். மூன்று வேளை ஐந்து வேளையானது. படுக்கையில் வைத்துத் தின்றாள், குளியலறையில் நின்றுகொண்டு தின்றாள், பசி அடங்கவில்லை. பாவாடை இடுப்பில் நிற்காமல் நழுவியது. சீப்பில் முடி கொத்துக் கொத்தாக வந்தது. நல்ல வெயிலிலும் குளிரெடுத்துப் பல் கிட்டியது. அந்த மாதம் வரவேண்டியது வரவில்லை. ஊரே அவளைப் பாராட்டியது, அதுதான் கொடுமை. “என்னக்கா, ஆளே மாறிட்டீங்க! என்ன ரகசியம், எங்களுக்கும் சொல்லுங்க” என்றார்கள். சைக்கிள் சங்கத்துப் பெரிய மனிதர்கள் மேடையிலேயே அவளைக் காட்டி, பயிற்சியாளர் என்றால் இப்படித்தான் முன்னுதாரணமாக இருக்க வேண்டும் என்றார்கள். அவள் எடை பார்த்துவிட்டு இறங்குவதைக் கதவிடுக்கில் கண்டுவிட்ட சுட்டி கைகூடத் தட்டினாள்.

டாக்டர் எல்லாப் பரிசோதனையும் செய்தார்.

“ஒரு வியாதியும் தெரியல.”

“என்ன டாக்டர் இப்படிச் சொல்றீங்க? முடி கொட்டுது, மாசாமாசம் வர்றது நின்னுபோச்சு, ராத்திரி நெஞ்சு அடிக்குதா இல்லையான்னே தெரியல!”

“இதெல்லாம் சகஜம், உடம்பு வழிக்கு வருதுன்னு நீங்கதானே சொல்வீங்க?” என்றார் டாக்டர், தலையை நிமிர்த்தாமல்.

அன்று மாலை விளக்கு வைக்கும் நேரம். சமையலறையில் தனியாகத் தின்றுகொண்டிருந்தாள். எங்கும் சத்தமில்லை, குழாய் மட்டும் சொட்டியது. அவள் மென்று விழுங்கினாள். மடக்.

ஒரு கணம் கழித்து, தொண்டைக்குக் கீழே, இன்னொரு மடக்.

தட்டை வைத்துவிட்டாள். பிரமை என்று சொல்லிக்கொண்டாள். கையில் ஒட்டியிருந்ததை நக்கி விழுங்கினாள். மடக். காத்திருந்தாள். கீழே, நிதானமாக, ருசித்து. மடக்.

அவள் அலறிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். படியில் கால் வைத்ததும் பாதத்தில் சுள்ளி ஒடிவது போல ஒரு சத்தம் கேட்டது. அப்படியே உட்கார்ந்துவிட்டாள். யாரிடம் போவது, யாரிடம் சொல்வது? பஞ்சுவின் அம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டால் பஞ்சு விட்டுவிடுவாளோ என்று தோன்றியது. அக்காவுக்கு மனம் இளகிவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். உயிர் மேல் ஆசை, அவ்வளவுதான்.

கால் கட்டோடு வாடகை வண்டி பிடித்து அவள் அந்த வீட்டுக்குப் போனபோது மறுநாள் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பஞ்சுவின் அம்மா கதவைத் திறந்தாள். அழவில்லை, கத்தவில்லை. “வாங்க மேடம், உக்காருங்க” என்று ஜன்னலோர மேசையைக் காட்டினாள். உள்ளே அடுப்பில் சோறு கொதிக்கும் மணம் வீட்டை நிறைத்தது. அக்காவின் வாயில் எச்சில் ஊறியது. அவள் விழுங்கினாள். கீழேயும் ஒரு விழுங்கல்.

“அம்மா, நடந்தது நடந்துபோச்சு. என்னை மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அவ என்னை விட்டுடுவா.”

“கடைசியா போன்ல பேசினப்போ என்ன சொன்னா தெரியுமா?” அம்மா கரண்டியைத் துடைத்துக்கொண்டே பேசினாள். “அம்மா, இப்பல்லாம் எனக்குப் பசியே எடுக்கிறதில்ல, அக்கா ரொம்பப் பெருமைப்பட்டாங்கன்னு சொன்னா. அவ்ளோ சந்தோஷம் அவளுக்கு. பெத்தவளுக்கு எப்படி இருக்கும், சொல்லுங்க.”

அம்மா தன் முகத்தைப் பார்க்கவில்லை என்பதை அக்கா அப்போதுதான் கவனித்தாள். அவள் அக்காவின் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொண்டைக்குழியை. பார்வையில் அப்படி ஒரு வாஞ்சை.

“இப்ப பசிக்குதா?”

“யாருக்கு?” என்றாள் அக்கா.

அம்மா உள்ளே போய்ச் சோற்றுப் பானையைக் கொண்டுவந்தாள். சோற்றைத் தட்டில் போட்டு, ஆறவைத்து, பிசைந்தாள். அக்கா எழுந்திருக்கப் பார்த்தாள். கால் எழவில்லை. வேண்டாம் என்று சொல்லப் பார்த்தாள். அதற்குள் வாய் திறந்துகொண்டது. தானாக. தாடை வலிக்க வலிக்க, இன்னும் அகலமாக.

முதல் கவளம் உள்ளே போனது. அக்கா மெல்லவில்லை. விழுங்கவுமில்லை. அது போய்விட்டது.

வெளியே இருட்டிவிட்டது. ஜன்னல் கண்ணாடியில் மேசை தெரிந்தது, விளக்கு தெரிந்தது. அவளுடைய திறந்த வாய் தெரிந்தது. நாக்குக்குப் பின்னால் ஏதோ வெளுப்பாக அசைந்தது. பற்கள். சின்னச் சின்னப் பற்கள். அவற்றைச் சுற்றி, வறண்டு வெடித்த இரண்டு உதடுகள். அவை அம்மாவின் கை வருவதைப் பார்த்துத் திறந்தன.

“வாடி என் தங்கம். மெதுவா. யாரும் பிடுங்க மாட்டாங்க.”

அம்மாவின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். இன்னொரு கவளம். மடக். சட்டைக் கைக்குள் அக்காவின் கை சுருங்கியது. இன்னொன்று. மடக். மோதிரம் விரலை விட்டுக் கழன்று தரையில் உருண்டது. கத்த முடியவில்லை. கத்தும் இடத்தில் அந்த வாய் இருந்தது.

அம்மா பானையைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டாள். மகளின் உதட்டோரத்தில் ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கையை, அக்காவின் தொண்டைக்குள் விரலை விட்டு, நோகாமல் துடைத்துவிட்டாள்.