அளவெடுத்த நாற்காலி

நாற்காலியை வேனில் ஏற்றிக்கொண்டு தச்சர் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. பழைய மாடி வீடு. கேட்டைத் தள்ளியதும் ஈரச் சுவரின் வாடையும், அதோடு கலந்த மருந்து நெடியும் முகத்தில் அடித்தன. மாடி ஜன்னல் மட்டும் திறந்திருந்தது.

அந்த மாடி அறையில் படுத்துக் கிடந்த அம்மாளுக்காகச் செய்த நாற்காலி அது. முதுகு இடப்பக்கம் வளைந்துபோய், சாதாரண நாற்காலியில் உட்கார முடியாதவர். தச்சர் நேரில் வந்து அளவெடுத்து, சாய்மானத்தை அந்த வளைவுக்கு ஏற்பவே இழைத்திருந்தார்.

"ஜன்னலோரம் உக்காந்து தெருவைப் பாக்கணும்பா. சீக்கிரம் கொண்டு வா" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருந்தார் அந்த அம்மாள்.

ஆனால் வேலை முடிகிற நேரத்தில் அந்த அம்மாளின் மகன் போன் செய்து ஆர்டர் வேண்டாம் என்றுவிட்டார். பின்வாங்குகிறவர்களிடம் பேசுவது தச்சரின் மனைவிதான். "கட்டில் வேண்டாம்னு சொல்றவங்கள்ல பாதிப்பேருக்குக் கல்யாணமே நின்னுபோயிருக்கும். நான் முதல்ல ஆறுதல்தான் சொல்லுவேன்" என்று சிரிப்பாள். அவள் பேசியும் இந்த மகன் மசியவில்லை. நாற்காலியைக் கண்ணால் பார்த்தால் மனம் மாறும் என்று நம்பித்தான் தச்சர் வந்திருந்தார்.

கதவைத் திறந்த மகன் முகத்தைச் சுளித்தார்.

"வேண்டாம்னு சொல்லிட்டேனே."

"உங்கம்மா உடம்புக்குச் செஞ்சது சார். வேற யாருக்கும் ஆகாது. ஒரு தடவை உக்கார வெச்சுப் பாருங்க."

"அம்மா போன வாரமே போயிட்டாங்க."

தச்சர் ஏதோ முனகிவிட்டுத் திரும்பினார்.

அப்போது மாடியிலிருந்து மெல்லிய குரல் கேட்டது.

"வந்துடுச்சா?"

மகன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கதவைப் படாரென்று சாத்தினார்.

பட்டறையில் நாற்காலியை இறக்கும்போது மனைவி மூச்சு வாங்கினாள். "என்னங்க இது, ஆள் உக்காந்திருக்கற மாதிரி கனக்குது?" தச்சர் கேட்ட குரலைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை. வேறு யாராவது வாங்குவார்கள் என்று அவள் அதை முன்னறையில் போட்டாள். வாங்க வந்தவர்கள் உட்கார்ந்து பார்த்து, இடுப்பு பிடிக்கிறது என்று எழுந்துவிட்டார்கள். சும்மா கிடக்கிறதே என்று அவளே அதில் உட்கார்ந்து போன் பேசத் தொடங்கினாள்.

முதலில் அவளுக்கும் குத்தியது. பிறகு பழகிவிட்டது.

அவளுடைய இடது தோள் இறங்கியிருந்ததைத் தச்சர் ஒரு காலையில் கவனித்தார். சில நாளில் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். எலும்பில் கோளாறு எதுவுமில்லை என்றார் டாக்டர். படுக்க முடியவில்லை, நிற்க முடியவில்லை. அந்த நாற்காலியில்தான் வலி தெரியவில்லை. அதை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, வேலையெல்லாம் மறந்து தெருவையே பார்த்தபடி இருந்தாள். அவள் சேலையில் மருந்து நெடி வீசியது.

"யாரைப் பாக்குற?"

"வேன் வரணும்."

குரல் அவளுடையதாக இல்லை.

அவளைத் தூக்கிக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு, தச்சர் நாற்காலியைப் பின்கட்டுக்கு இழுத்துப் போனார். கோடரியை ஓங்கி ஒரே ஒரு வெட்டுதான் வெட்டினார்.

உள்ளே மனைவி அலறினாள்.

ஓடிப்போய்ப் பார்த்தார். அவள் முதுகில் ஒரு நீளக் கோடாக ரத்தம் கன்றியிருந்தது. கோடரியைப் போட்டுவிட்டு, நாற்காலியை வேனில் ஏற்றினார்.

இந்தமுறை மகன் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். கண்கள் குழிவிழுந்திருந்தன. தச்சர் எதுவும் கேட்குமுன்னே அவராகவே பேசத் தொடங்கினார்.

"தெனமும் கேட்டாங்க. எப்படியும் ரொம்ப நாள் தாங்கமாட்டாங்க, எதுக்கு வீணான்னு நெனச்சேன். வேண்டாம்னு சொல்லிட்டேன்மான்னு அவங்ககிட்டயும் சொன்னேன். மறுநாள் பாத்தா... கட்டில்லேர்ந்து ஜன்னல் வரைக்கும் தவழ்ந்தே போயிருக்காங்க. அங்கேயே..." அவர் முகத்தைப் பொத்திக்கொண்டார். "மேல நான் போறதில்ல. ஆனா சத்தம் கேக்குது."

"வழி விடுங்க" என்றார் தச்சர்.

நாற்காலியைத் தனியாகவே மாடிக்குச் சுமந்தார். அறையில் யாரும் இல்லை. தரையில் படிந்திருந்த தூசியில் எதையோ இழுத்துப்போனதுபோல ஒரு தடம், கட்டிலிலிருந்து ஜன்னல்வரை. அது முடிந்த இடத்தில் நாற்காலியை வைத்தார்.

"தாமதமாயிடுச்சும்மா. மன்னிச்சுக்குங்க."

காற்றே இல்லை. நாற்காலியின் மூட்டுகள் மெதுவாக முனகின.

யாரோ பார்த்துப் பதமாக உட்காரும் சத்தம்.

தச்சர் திரும்பிப் பார்க்காமல் இறங்கினார். வீட்டுக்கு வந்தபோது மனைவி அடுப்படியில் நிமிர்ந்து நின்றிருந்தாள். "எங்க போயிட்டீங்க? பசியே இல்லையா?" என்றாள். அவர் அவள் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு அழுதார்.

மகன் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு ஊரைவிட்டே போய்விட்டதாகக் கேள்விப்பட்டார்கள். மழைக்காலம் வந்தது. பட்டறைக்கு ஒரு இளம்பெண் குடையை மடக்கியபடி வந்தாள், முகம் நிறையச் சிரிப்போடு.

"அந்த மாடி வீட்டுக்கு நாங்கதான் குடிவந்திருக்கோம் அண்ணே. கால் வெச்சுக்க ஒரு பலகை வேணும்."

"யாருக்கும்மா?"

"மாடியில இருக்கற அம்மாவுக்குத்தான்" என்றாள் அவள். "அளவு உங்களுக்கே தெரியும்னு சொன்னாங்க."