பெரியப்பா கொண்டுவந்த போன்

என் அக்கா கல்லூரியில் சைபர் பாதுகாப்பும் டிஜிட்டல் தடயவியலும் படிக்கிறாள். போனிலும் கணினியிலும் நடக்கும் குற்றங்களுக்குத் தடயம் தேடுகிற படிப்பு அது. ஆனால் எங்கள் சொந்தக்காரர்களுக்கு அவள் போன் பூட்டை உடைக்கிற ஆள், அவ்வளவுதான். நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்றைக்குப் பெரியப்பா வந்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு போனை எடுத்து மேசையில் வைத்தார். பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அது அவர் மகளுடையது. எட்டாம் வகுப்பு படிக்கிறாள். முறைக்கு எனக்கு அக்கா, ஆனால் என் உயிர்த்தோழி.

"இதைக் கொஞ்சம் திறந்து கொடும்மா" என்றார் அக்காவிடம். "யாரோட பேசிப் பேசிச் சிரிக்கிறான்னு பார்க்கணும்."

"அவகிட்ட கேட்டீங்களா பெரியப்பா?"

"கேட்டா சொல்லிடுவாளா?"

"அவ சம்மதம் இல்லாம நான் தொட மாட்டேன். காலேஜ்ல முதல் பாடமே அதுதான்."

பெரியப்பாவின் முகம் சுருங்கியது. "ஒரு போனைத் திறக்கத் தெரியல, அப்புறம் என்ன பெரிய படிப்பு?"

அம்மா வேறு, "செஞ்சு கொடுத்துட்டுப் போயேன்டி" என்றாள். அக்காவின் கண் கலங்கிவிட்டது. எனக்கு வந்ததே கோபம்! இந்தப் போனை எங்கள் வீட்டில் திறந்தால், என் தோழி இனி எங்கள் வாசலை மிதிப்பாளா? என்னோடு ஒரு வார்த்தை பேசுவாளா?

அக்கா வீட்டில் செய்முறைப் பயிற்சி செய்யும்போதெல்லாம், யாருடைய போன், எப்படிக் கிடைத்தது என்று பதிவு செய்ய நான்தான் வீடியோ எடுப்பேன். அந்த முறையெல்லாம் எனக்கு அத்துப்படி.

"திறந்துடலாம் பெரியப்பா" என்றேன். அக்கா திகைத்துப் பார்த்தாள். "ஆனா முறைப்படி செய்யணும். போனைக் கையில பிடிச்சுக்கிட்டு நில்லுங்க. நீங்க யாரு, இதை எங்கிருந்து எடுத்தீங்கன்னு சொல்லுங்க. நான் வீடியோ எடுப்பேன். போனோட சொந்தக்காரி கேட்டா அதைக் காட்டணும்."

பெரியப்பா சிரித்துக்கொண்டே எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். தலையைக்கூடக் கோதிக்கொண்டார்.

"இது என் பொண்ணோட போன். அவ குளிக்கப் போனப்போ, தலையணைக்கு அடியிலிருந்து..."

அதோடு நிறுத்திவிட்டார்.

"சொல்லுங்க பெரியப்பா, ஓடிக்கிட்டிருக்கு."

"அணைச்சுடும்மா அதை."

அணைத்தேன். அவர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நானே அவகிட்ட கொடுத்துடறேன்."

"மன்னிப்பும் கேளுங்க."

"ஏய், வாயை மூடு" என்று அம்மா அதட்டினாள்.

"விடும்மா, அவ சொல்றது சரிதான்" என்று சொல்லிவிட்டுப் பெரியப்பா செருப்பை மாட்டிக்கொண்டார்.

மறுநாள் தோழி வந்தாள். "அப்பா எல்லாத்தையும் சொன்னார்" என்றாள். போனை என் எதிரே மேசையில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்க உள்ளே போனாள்.

போன் பளிச்சென்று ஒளிர்ந்தது. ஏதோ செய்தி வந்திருந்தது. எட்டிப் பார்க்க எனக்கு ஆசை ஆசையாக வந்தது.

நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.