சிவப்பு நூல் கட்டின இடம்

"மாத்திரை துன்னியா இல்லியா, அத்த மட்டும் சொல்லு" என்று முரளிதரன் கத்தினது நகரியில் அந்தத் தறித்தெரு முழுக்கக் கேட்டது. கரண்ட் போயிருந்த நேரம். விசைத்தறி ஓடினால் அங்கே இடி விழுந்தாலும் கேட்காது. நின்றுவிட்டால் எதிர்வீட்டில் அப்பளம் நொறுங்குவதுகூடக் கேட்கும். எதிர்வீட்டுப் பச்சையம்மாள் அப்பளத்தை அப்படியே வைத்துவிட்டு ஜன்னலுக்கு வந்துவிட்டாள்.

துன்னேன் என்றாள் அவன் பெண்டாட்டி ஷோபா. அவள் கத்தவில்லை. கத்துவதற்கும் தெம்பு வேண்டுமே.

"அப்ப இத யாரு பண்ணது?"

அவன் காட்டியது தறியில் நீளவாக்கில் ஏற்றியிருந்த புதுப் பாவு நூலை. பழைய பாவு தீர்ந்தால், அதன் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் இழையை, விரலில் சாம்பல் தொட்டு முறுக்கிப் பிணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் இழை. கை தேர்ந்தவளுக்கே பொழுது போதாது. புத்தூரில் துணியைப் போட்டுவிட்டு முரளி திரும்பினால், மொத்தமும் முடிந்து கிடக்கிறது.

சந்தோஷப்பட வேண்டியவன் ஏன் பயந்தான் என்பது தெருவுக்கே தெரியும். போன வருஷமும் ஷோபா இப்படித்தான் தூக்கமில்லாமல், சோறில்லாமல், பாடிக்கொண்டே நாலு ஆள் வேலையைச் செய்தாள். அப்புறம் திருப்பதியில் ஆஸ்பத்திரி வார்டு. அப்புறம் சுவரைப் பார்த்தபடி படுக்கை. டாக்டர் அதை பைபோலார் என்றார். தெரு 'கரண்டு வியாதி' என்று பேர் வைத்தது: வந்தா ஓடும், போனா நிக்கும்.

இப்போது மாத்திரை அவளை நடுவில் நிறுத்தி வைத்திருந்தது. மனசுதான் ஓர் இடத்தில் நிற்கமாட்டேன் என்றது. நாலு இழை பிணைப்பாள். அடுத்ததில் எங்கே இருக்கிறோம் என்பதே கலைந்துபோகும். கொஞ்சம் கொஞ்சமாகச் செய், நிறுத்துகிற இடத்தில் அடையாளம் வை, எழுந்து தண்ணி குடித்துவிட்டு வா என்று டாக்டரம்மா சுமித்ரா சொல்லி அனுப்பியிருந்தார். அதனால் அன்றைக்குக் காலையிலும் நிறுத்துகிற இழையில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிட்டு எழுந்தாள்.

திரும்பி வந்தால் சிவப்பு நூல் ஒரு சாண் தள்ளி இருந்தது.

இடையில் இருந்த இழையெல்லாம் பிணைந்திருந்தது.

பயப்படவும் கவனம் வேண்டும். ஷோபாவிடம் அதுவும் இல்லை. போய்ப் பாயில் படுத்துவிட்டாள். எழுந்தபோது மிச்சமும் முடிந்திருந்தது.

இதைப் புருஷனிடம் எப்படிச் சொல்வது? நான்தான் செய்தேன் என்றால் வியாதி ஏறிவிட்டது என்று வார்டு. வேறு யாரோ செய்தார்கள் என்றால் இன்னும் சீக்கிரமாக வார்டு. தலை வலிக்குது என்று மட்டும் சொன்னாள்.

முன்னே இங்கே யார் குடியிருந்தது என்று ஷோபா வீட்டுக்காரர் நாகபூஷணத்தைக் கேட்டதற்கு, "ஏமீ லேதும்மா, ஒண்ணுமில்ல" என்றார். கேள்வி ஒன்று, பதில் வேறொன்று. வாடகை ஏன் இவ்வளவு குறைச்சல் என்று குடிவந்த அன்றைக்கே கேட்டிருக்கலாம். குறைச்சலான வாடகையை எந்தப் புத்திசாலி கேள்வி கேட்பான்?

அடுத்த பாவுக்கு முரளி வெளியே போகவில்லை. நான் பாக்கறேன், நீ பண்ணு என்று தறியோரம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான். மத்தியானம் கரண்ட் போனது. தெரு அடங்கியது. கஞ்சி போட்ட நூலின் புளித்த வாசனை அறைக்குள் கெட்டிப்பட்டது. ஷோபா கொஞ்சம் பிணைத்தாள். கண் எங்கோ போயிற்று. சிவப்பு நூலைக் கட்டிவிட்டுச் சமையலறைக்குப் போய் சொம்பை எடுத்தாள்.

தறிப்பக்கம் விரலும் விரலும் உரசும் சத்தம். சாம்பல் தொட்டு, முறுக்கி, விட்டு. சாம்பல் தொட்டு, முறுக்கி, விட்டு.

அவள் கை சொம்பின்மேல் இருந்தது.

நிலைப்படிவரை வந்து, "இன்னாங்க" என்றாள் மெதுவாக.

முரளி அசையவில்லை. அவன் கண்ணெதிரே கிண்ணத்துச் சாம்பல் குழிந்தது. இழைகள் ஒன்றன்பின் ஒன்றாக முறுக்கிக்கொண்டு அடங்கின. சிவப்பு நூல் அவிழ்ந்தது, தள்ளிப்போனது, தானே முடிச்சுப் போட்டுக்கொண்டது.

"நீ இல்ல" என்றான்.

"நான் இல்ல."

வியாதி வந்த நாளிலிருந்து அவள் சொன்னதில் அவன் அப்படியே நம்பிய முதல் பேச்சு அதுதான். அலற வேண்டிய நேரத்தில், உட்கார்ந்து ஒரு மூச்சு அழலாம் போல இருந்தது ஷோபாவுக்கு.

அதற்கப்புறம் அவன் மாத்திரையைப் பற்றிக் கேட்கவில்லை. தூங்கவுமில்லை. சுவரோரம் குந்தியிருந்தவனைப் பார்த்து, அவனுக்கும் ஒரு மாத்திரைச் சீட்டு எழுதி வாங்கியாரலாமே என்று தெரு பேசியது. முதலில் பேசியது பச்சையம்மாள்தான், பொய் சொல்வானேன்.

ஆடி முடிந்ததும் புத்தூருக்குக் குடிபோனார்கள். சாமான் ஏறின பிறகு ஷோபா மட்டும் திரும்பி வந்து, தெருப்பக்க ஜன்னலின் முதல் கம்பியில் சிவப்பு நூலைக் கட்டிவிட்டுப் போனாள். இத்தோடு நிறுத்திக்கலாம் என்று சொல்வதுபோல.

புத்தூரில் கட்டின நூல் கட்டின இடத்திலேயே இருக்கிறது. ஒரு பாவு நாள்கணக்கில் இழுக்கிறது. முரளி பாவைத் தொடுவதே இல்லை. துணி எடுத்துப்போவதோடு சரி. தையில் பச்சையம்மாளின் மகள் ரோஜாவுக்குக் கல்யாணம் ஆகி, அவள் பிச்சாட்டூர் போனாள். வாழ்த்துச் சொல்லப் பச்சையம்மாளுக்கு ஷோபா போன் செய்தாள். அப்புறம் அடிக்கடி செய்தாள். சுகமா, சாப்பாடு ஆச்சா என்பதெல்லாம் சும்மா. கடைசியில் அந்தக் கேள்வி வரும். பயந்த குரல் இல்லை. வேலைக்கு ஆள் எப்ப வரும் என்று கேட்கிற களைத்த குரல்.

"அத்தே, நூலு இப்ப எந்தக் கம்பில கீது?"

ரெண்டாவது என்றாள் பச்சையம்மாள், முதலில் சிரித்துக்கொண்டே. பிறகு நாலாவது. பிறகு சிரிப்பில்லாமல், கடைசிக் கம்பி.

அதற்கடுத்த வாரம் ஜன்னலில் நூல் இல்லை. கதவில் பூட்டு பூட்டினபடி தொங்கியது. அந்தப் பூட்டின் வளையத்தில், தெருப்பக்கமாக, சிவப்பு நூல் கட்டியிருந்தது. கீழே படியில், தெருவைப் பார்த்தபடி, சாம்பல் அப்பிய கால்தடம் ஒன்று. ஒன்றுதான்.

பச்சையம்மாள் முழங்கால் வலி என்று சொல்லிக்கொண்டு சித்தூரில் மகன் வீட்டுக்குப் போய்விட்டாள். ஊர்க்கதையெல்லாம் பேசுகிறவள் ஷோபாவுக்கு இதை மட்டும் சொல்லவில்லை.

சொல்லத் தேவையும் இல்லை போலிருக்கிறது. புத்தூரில் ஷோபா இப்போதெல்லாம் பாவுக்கு உட்காரும்போது இரண்டு கிண்ணத்தில் சாம்பல் வைக்கிறாளாம்.