அனுமதி கொடுத்தவர்

பதினான்கு கன்டெய்னர்கள் ஓட வேண்டிய திரையில் பதினைந்து ஓடிக்கொண்டிருந்தன.

நிலக்ஷி மறுபடியும் எண்ணிப் பார்த்தாள். பதினைந்துதான். கொட்டகலை ரயில் ஸ்டேஷனுக்குப் பின்னால், பலகைத் தரை போட்ட பழைய வீடொன்றில் இருந்தது அவர்களுடைய சின்ன அலுவலகம். ஞாயிற்றுக்கிழமை, அவளைத் தவிர யாருமில்லை. மாலை நாலு மணிக்கே மூடுபனி இறங்கி, ஜன்னலுக்கு வெளியே இருந்த தேயிலைச் செடிகளை நிரை நிரையாக விழுங்கிக்கொண்டிருந்தது. நனைந்த பலகையின் வாடையோடு வேறொரு வாடையும் லேசாக வந்தது. புதிதாக வெட்டிய மண்ணின் வாடை.

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களுக்குப் பின்னால் புதைத்த கருவிகள் மலையின் அசைவைக் கேட்டுச் சொல்லும். ஒரு லயத்துக்கு ஒரு கன்டெய்னர். அந்தக் கருவி அனுப்புவதை வாங்கி, ஆபத்தென்றால் லயத்தில் சங்கை ஊதவைக்கும் தனி மென்பொருள் பெட்டி அது. எல்லாப் பெட்டிகளையும் ஓட்டுவதும் நிறுத்துவதும் ஏஐ ஏஜென்டின் வேலை. அந்த ஏஜென்ட் எதுவரை போகலாம் என்று எல்லை போடுவது நிலக்ஷியின் வேலை.

மனிதரைக் கேட்காமல் எதையும் நிறுத்தக் கூடாது என்பதுதான் முதலில் அவள் போட்ட எல்லை. மழைக்காலத்தில் சிக்னல் விட்டுவிட்டு வரும். ஏஜென்ட் நாளைக்கு நாற்பது தடவை கேட்கும், நிறுத்தலாமா, நிறுத்தலாமா என்று. அலுத்துப்போய் ஒருநாள் அவள் எல்லையைத் தளர்த்தினாள். பத்து நிமிடம் தகவல் வராவிட்டால், கேட்காமலே நிறுத்திக்கொள்.

அக்கரப்பத்தனைப் பக்கம் ஏழாம் லயத்தில் பெருமழையில் பத்து நிமிடம் தகவல் வரவில்லை. ஏஜென்ட் நிறுத்தியது. சிக்னல் திரும்பி வந்தபோது அதை வாங்கப் பெட்டி ஓடவில்லை. சங்கு ஊதவில்லை. மலை சரிந்து வந்துவிட்டது. ஒன்பது பேர் புதைந்தார்கள். நால்வரின் உடல்களைத்தான் எடுக்க முடிந்தது. எட்டாம் நாள் தேடுவதை நிறுத்தினார்கள். எடுக்காத ஐவரில் ஒருத்தி நிலக்ஷியின் அக்கா சர்மிளா.

அதன்பிறகு நிலக்ஷி எல்லாவற்றையும் பூட்டினாள். மனிதர் பெயரில் அனுமதியில்லாமல் ஏஜென்ட் இனி ஒன்றையும் ஓட்டவோ நிறுத்தவோ முடியாது.

பதினைந்தாவது வரியைத் தொட்டாள்.

ஏழாம் லயம். இயங்குகிறது. அனுமதி கொடுத்தவர்: சர்மிளா.

அக்கா கொழுந்து பறித்தவள். இந்தத் திரையை ஒருநாளும் பார்த்ததில்லை.

முதலாளி செல்லசாமிக்குப் போன் போட்டாள். “சேர், ஏழாம் லயம் ஓடுதுங்க.”

“அந்தக் கருவியத்தான் தோண்டி எடுத்துட்டாங்களேம்மா. ஒங்களுக்குப் பின்னால அலுமாரியில இருக்கு. பேட்டரிகூட இல்ல. மூடிட்டு வீட்டுக்குப் போங்க. இன்னைக்கு நீங்க வந்திருக்கவே கூடாது.”

திரும்பிப் பார்த்தாள். அலுமாரியில் கருவி இருந்தது. நசுங்கி, செம்மண் அப்பி, வயர் அறுந்து.

திரையில் எண்கள் ஓடின.

தட்டும் சத்தம். ஐந்து இடங்களில். ஆழம் இருபது அடி.

ஹெட்போனை மாட்டினாள். முதலில் தண்ணீர் ஊறும் ஓசை மட்டும். அதற்கும் அடியில், எங்கோ வெகு தூரத்தில், கை ஓய்ந்துபோன யாரோ கதவைத் தட்டுவதுபோல் ஒரு சத்தம், நின்று நின்று, மறுபடி தொடங்கி.

ஏஜென்டின் கேள்வி வந்தது. “இந்தக் கருவி இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. கன்டெய்னரை நிறுத்தலாமா?”

கேட்கச் சொன்னவள் அவள்தான். இப்போது அது கேட்கிறது. விரல் ‘ஆம்’ மேல் நின்றது. அன்றைக்கும் இப்படித்தானே நிறுத்தினோம் என்று நினைத்தாள்.

‘வேண்டாம்’ என்று அழுத்தினாள்.

ஆழம் பதினான்கு அடி.

“நிறுத்தலாமா?”

“வேண்டாம்.”

ஒன்பது அடி. மண் வாடை கூடியது. ஜன்னலில் வெளிச்சம் இல்லை. பனி மட்டும்.

“நிறுத்தலாமா?”

வேண்டாம்.

நாலு அடி.

ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். சத்தம் நிற்கவில்லை. மேசையிலிருந்து வரவில்லை. கீழேயிருந்து.

“அக்கா,” என்றாள். குரல் உடைந்தது. “நாந்தான்க்கா நிறுத்துனேன்.”

தட்டுவது நின்றது.

“நிறுத்தலாமா?” என்று திரை கடைசியாகக் கேட்டது. நிலக்ஷி அதைப் பார்க்கவில்லை. தரைப் பலகைகளின் இடுக்கில் செம்மண் தண்ணீர் கசிந்தது. பிறகு நகங்கள். கொழுந்துக் கறை ஏறிய விரல்கள், ஐந்து இடங்களில், பலகை விளிம்பைப் பற்றின.

அவள் ஓடவில்லை. அழுதபடியே கால்களை மெல்ல ஒதுக்கி, வழிவிட்டாள்.