கிளம்பாத நீலக் கார்

ஷர்மிளாவின் வீடியோ கேமில் எப்போதும் இரண்டு கார்கள் நிற்கும். சிவப்புக் கார் அவளுடையது. நீலக் கார் கிளம்பவே கிளம்பாது. அதை ஓட்ட ஆள் இல்லை.

அவர்கள் மேடவாக்கத்துக்குக் குடிவந்து ஒரு மாதம் ஆகிறது. தோழிகள் எல்லாம் கேளம்பாக்கத்தில் இருந்தார்கள். அம்மாவும் அப்பாவும் வேலை முடிந்து வர இருட்டிவிடும். அதுவரை தண்ணீர் லாரியின் ஹாரன்தான் அவளுக்குப் பேச்சுத்துணை.

எதிர்வீட்டு ஹர்ஷாவிடமும் இதே கேம் மெஷின் உண்டு. சத்தம் கேட்கும். ஆனால் என்ன சொல்லிக் கதவைத் தட்டுவது?

பிறந்தநாளுக்குப் புது கேம் வாங்க, அப்பா அவளைத் தாம்பரத்துக்குக் கூட்டிப்போனார்.

"டவுன்லோடு பண்ணா விலை கம்மி. டிஸ்க்னா ஜாஸ்தி" என்றார் கடைக்காரர்.

"ரெண்டும் ஒரே கேம்தானே? ஏன்ப்பா?"

அப்பா குடோனில் சரக்கு இறக்குகிறவர். "டிஸ்க் அடிக்கணும், பொட்டி செய்யணும், லாரில ஏத்தணும். எறக்க என்னிய மாதிரி ஆளு வோணும். அல்லாருக்கும் கூலி கீதே! வெறும் பொட்டிக்கு இன்னாத்துக்கும்மா துட்டு? டவுன்லோடே பண்ணிக்கலாம்."

"அத்த வேற வூட்டுக்குக் குடுக்க முடியுமா?"

"எப்டி முடியும்? மெஷினுக்குள்ளயே கெடக்கும்."

"அப்ப டிஸ்க்கே வாங்குப்பா. எனக்குப் புதுச் செருப்பு வேணாம், அந்தத் துட்டுல வாங்கிக்கலாம்."

அப்பா அவள் கால்களைப் பார்த்தார். டிஸ்க்கையே வாங்கிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் ஒருமுறை ஓட்டிப்பார்த்தாள். இதிலும் நீலக் கார் நின்றே கிடந்தது. சட்டென்று பெட்டியை எடுத்தாள். எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"புது கேம். ஆடிட்டுக் குடு!" ஹர்ஷாவின் கையில் திணித்துவிட்டு, அவன் வாயைத் திறப்பதற்குள் ஓடி வந்துவிட்டாள்.

மறுநாள் அவன் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. புது கேமைத்தான் கொடுத்துவிட்டோமே, பழையதை ஆடவும் பிடிக்கவில்லை என்று மெஷினையும் அவள் தொடவில்லை. முன்பாவது சிவப்புக் கார் ஓடியது.

மூன்றாம் நாள் கதவு தட்டும் சத்தம். ஹர்ஷா முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு நின்றான்.

"என்னைக் கலாய்க்கிறியா? வெறும் பாக்ஸ்தான் இருக்கு!"

பெட்டியைத் திறந்து காட்டினான். உள்ளே ஒன்றும் இல்லை.

ஷர்மிளா ஓடிப்போய் மெஷினின் பொத்தானை அழுத்தினாள். உள்ளேயிருந்து டிஸ்க், நாக்கைத் துருத்துவதுபோல வெளியே வந்தது.

"ஐயோ! எடுக்கவே மறந்துட்டேன்!"

ஹர்ஷா குபீரென்று சிரித்துவிட்டான்.

"சரியான லூசு நீ!"

"நீதான் லூசு! ரெண்டு நாளா இன்னா பண்ணிக்கினு இருந்த? அப்பவே வந்து கேக்கறதுதானே?"

ஹர்ஷா தலையைச் சொறிந்தான். "என்ன சொல்லிக் கதவைத் தட்றதுன்னு தெரியல."

பிறகு அவன் வாசலில் செருப்பைக் கழற்றினான்.

"இன்னொரு கன்ட்ரோலர் இருக்கா?"

"கீது. யாரும் தொட்டதே இல்ல."

நீலக் கார் கிளம்பியது. கிளம்பிய வேகத்தில் சிவப்புக் காரை ஒரே இடியாக இடித்துப் பள்ளத்தில் தள்ளியது.