சேதுபதியின் அழுக்குச் செடி

வைகுண்டராஜ் சார் கையில் பால்கோவா டப்பாவோடு பள்ளித் தோட்டத்துக்குள் நுழைந்தபோது, ஏழாம் வகுப்பு மொத்தமும் எழுந்து நின்றது. தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு பஸ்ஸில் வருகிறவர் அவர். இத்தனை நாள் வெறுங்கையோடு வந்தவருக்கு இன்றைக்காவது மனசு வந்ததே என்று எல்லோருக்கும் சந்தோஷம்.

சார் மூடியைத் திறந்தார். உள்ளே கறுப்புக் கறுப்பாக வண்டுகள் ஊர்ந்தன.

முன்னால் நின்ற நூர்பானு பின்னுக்குத் துள்ளி, சண்முகத்தாயின் காலை நன்றாக மிதித்தாள்.

“பயப்படாதீங்க. இது பொறிவண்டு, கடிக்காது,” என்றார் சார். “நம்ம கொய்யாச் செடியில வெள்ளையா அப்பிக் கிடக்கே மாவுப்பூச்சி, அதைத்தான் இது தின்னும்.”

“அப்ப பால்கோவா, சார்?” என்று கேட்டான் சேதுபதி.

“அதை நேத்தே நான் தின்னுட்டேன்.”

அந்தப் பள்ளியில் வாரத்துக்கு இரண்டு மத்தியானம் தோட்டக்கலைப் பயிற்சி. புத்தகம் கிடையாது, பரீட்சை கிடையாது. ஆளுக்கு ஒரு கொய்யாச் செடி. குழி வெட்டுவது, எரு போடுவது, கிளை நறுக்கிக் கவாத்து செய்வது எல்லாம் அவரவர் கையாலேயே செய்ய வேண்டும். விஷ மருந்து மட்டும் தொடக் கூடாது. அது ஒன்றுதான் அங்கே சட்டம்.

தலைமை ஆசிரியர் ஐயாதுரைக்கு இதில் நம்பிக்கையே இல்லை. மாவுப்பூச்சி படர்ந்து இலையெல்லாம் சுருங்கியதைப் பார்த்து அவர் முகமும் சுருங்கியது.

“மாசக் கடைசி வரைக்கும் பார்ப்பேன். செடி சுத்தமாகலேன்னா மருந்து அடிச்சிருவேன். மருந்து அடிக்கிறதுக்கு எதுக்குப் பயிற்சி? அந்தப் பீரியடுல கணக்கு நடத்தச் சொல்லிருவேன்.”

வகுப்பே அதிர்ந்துபோனது. வெயிலில் மண்வெட்டி பிடிக்கத் தயார், எரு சுமக்கத் தயார். ஆனால் இன்னும் இரண்டு பீரியடு கணக்கா?

நூர்பானுவுக்குத்தான் ரொம்பக் கவலை. சும்மா இருக்கத் தெரியாத பிள்ளை அவள். செடிகளில் வண்டுகளை விட்டுச் சில வாரங்கள் ஆன பிறகு, மாவுப்பூச்சிக் கூட்டத்துக்கு நடுவே புதிதாக ஒன்றைப் பார்த்தாள். அதே வெள்ளை, அதே பஞ்சு. ஆனால் ஒவ்வொன்றும் நல்ல கொழுகொழுவென்று இருந்தது.

“ஏட்டி சண்முகத்தாய், இங்க பாரு. இதுதான் மாவுப்பூச்சிக்கெல்லாம் அம்மா. இதைக் கொன்னா எல்லாம் ஒழிஞ்சிரும்,” என்றாள்.

ஒரு சிரட்டையில் சோப்புத் தண்ணீர் கலந்தாள். கொழுத்த பூச்சிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து அதில் போட்டாள். தன் செடி முடிந்ததும் சண்முகத்தாயின் செடி. பிறகு அடுத்தது, அதற்கடுத்தது. உதவி என்று இறங்கிவிட்டால் நூர்பானுவைத் தடுக்க ஆள் கிடையாது.

சேதுபதி மட்டும் தடுத்தான். “என் செடியத் தொடாத. பொறவு நானே பாத்துக்கிடுதேன்.”

அவனுடைய ‘பொறவு’ எப்போதும் வராது என்று ஊருக்கே தெரியும்.

“சோம்பேறி. உன்னாலதான் நம்ம எல்லாருக்கும் கணக்குப் பீரியடு வரப் போகுது,” என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள் நூர்பானு.

சேதுபதியின் முகம் வாடிவிட்டது. “நாளைக்குக் காலையில வெள்ளனத்துல வந்து சுத்தம் பண்ணுதேன், போதுமா?” என்று சொல்லிவிட்டுப் போனான்.

இருப்பதிலேயே குண்டான ஒரு பூச்சியை மட்டும் நூர்பானு கொல்லவில்லை. வைகுண்டராஜ் சாரிடம் காட்ட வேண்டுமே. ஊறுகாய் பாட்டில் ஒன்றைக் கழுவி அதற்குள் விட்டாள். துணைக்கு இருக்கட்டும் என்று மாவுப்பூச்சி மொய்த்த ஒரு குச்சியையும் போட்டாள். மூடியில் ஓட்டை போட்டு வீட்டு ஜன்னலில் வைத்தாள்.

காலையில் எழுந்து பார்த்தால், குச்சியில் மாவுப்பூச்சியைக் காணோம். வெறும் பஞ்சுதான் ஒட்டிக்கொண்டிருந்தது. குண்டுப் பூச்சி கடைசி மாவுப்பூச்சியைக் கவ்விப் பிடித்துச் சாவகாசமாகத் தின்றுகொண்டிருந்தது.

நூர்பானுவுக்குப் பகீரென்றது. அம்மா எங்கேயாவது பிள்ளைகளைத் தின்னுமா? அப்படியானால் இது மாவுப்பூச்சியே இல்லை. வண்டு விட்ட பிறகுதான் இது வந்தது. வண்டு தின்பதையே இதுவும் தின்கிறது. இது வண்டின் குஞ்சு.



“என்னட்டி, இப்படி வெளுத்துப்போய் நிக்கே?” என்று கேட்டாள் அவள் அம்மா ஆயிஷா பீவி, தோசையைத் திருப்பிக்கொண்டே.

“அம்மா, நல்லவங்களையெல்லாம் நான் கொன்னுட்டேன்மா.”

தோசைக் கரண்டி தரையில் விழுந்தது. “யாரைட்டி?”

“பூச்சிம்மா.”

ஆயிஷா பீவி நெஞ்சில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு மூச்சு திரும்புவதற்குள் நூர்பானுவுக்கு அடுத்த அதிர்ச்சி வந்தது. அவள் கை படாத செடி ஒன்றே ஒன்றுதான். சேதுபதியின் செடி. அவன் இன்றைக்குக் காலையில் வெள்ளென வருவதாகச் சொல்லியிருந்தான்.

பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். தோசை அப்படியே கிடந்தது.

தோட்டத்தில் சேதுபதி, ஒரு வாளி நிறைய சோப்பு நுரையோடு நின்றான். வாழ்நாளில் முதல் தடவையாகச் சொன்ன நேரத்துக்கு வந்திருந்தான். ஐயாதுரை சார் பக்கத்தில் நின்று, “இன்னைக்குத்தாம்ல உருப்படியா ஒரு வேலை பாக்க,” என்று பாராட்டிக்கொண்டிருந்தார். சேதுபதி வாளியைத் தூக்கினான்.

“ஊத்தாத,” என்று கத்திக்கொண்டு நூர்பானு வாளியைப் பிடித்து இழுத்தாள். வாளி கவிழ்ந்தது. ஐயாதுரை சாரின் இரண்டு செருப்பும் நுரைக்குள் மூழ்கின.

சார் குனிந்து தன் காலைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து நூர்பானுவைப் பார்த்தார்.

அழுகையை அடக்கிக்கொண்டு நூர்பானு சொன்னாள். “மன்னிச்சுக்கிடுங்க சார். சேதுபதி மேல தப்பில்ல. மத்த செடியில இருந்த வண்டுக் குஞ்சையெல்லாம் நான்தான் கொன்னுட்டேன். கெட்ட பூச்சின்னு நெனச்சுட்டேன். இவன் செடியிலதான் மிச்சம் இருக்கு.”

மாவுப்பூச்சி ஒட்டிய இலை ஒன்றைக் கிள்ளி, பாட்டிலுக்குள் போட்டு, சாரிடம் நீட்டினாள். சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். குண்டுப் பூச்சி நகர்ந்து வந்தது. ஒன்றைத் தின்றது. இன்னொன்றைத் தின்றது.

அதற்குள் வைகுண்டராஜ் சார் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்துவிட்டார். பாட்டிலைப் பார்த்ததும் தலையில் கை வைத்தார்.

“பொறிவண்டோட குஞ்சேதான். நான் வண்டைக் காட்டினேன், குஞ்சைக் காட்டாம விட்டுட்டேனே. இது என் தப்பு சார்.”

பள்ளி மணி அடித்தது. ஐயாதுரை சார் நகரவில்லை.

“இன்னொரு இலையைப் போடு, பாப்போம்,” என்றார்.

“சார், மாசக் கடைசி...” என்று இழுத்தாள் நூர்பானு.

“மாசக் கடைசின்னுதான் சொன்னேன். எந்த மாசம்னு சொல்லலையே,” என்றார் அவர், பாட்டிலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்த மாதம் மருந்து அடிக்கவில்லை, அடுத்த மாதமும் அடிக்கவில்லை. கொய்யாச் செடிகள் பளபளவென்று துளிர்த்தன. ஆனால் அதெல்லாம் பின்னால் நடந்தது. அன்றைக்கு நூர்பானுவுக்கு ஒரு வேலை பாக்கி இருந்தது. சேதுபதியின் முன்னால் போய் நின்றாள்.

“நேத்து உன்னைச் சோம்பேறின்னது தப்பு. உன் செடியிலருந்து எல்லாருக்கும் கொஞ்சம் குஞ்சு தருவியா?”

சேதுபதி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். “என் செடியத் தொடாதன்னு சொன்னேன்ல.” நூர்பானுவின் கண் கலங்குவதைப் பார்த்ததும், “நானே எடுத்துத் தாரேன்,” என்றான்.

இடைவேளை முழுக்க அவன் உட்காரவே இல்லை. ஒவ்வொரு குஞ்சையும் இலையோடு கிள்ளி, செடி செடியாகக் கொண்டுபோய் விட்டான். கடைசியில் திரும்பி வந்து பார்த்தபோது அவன் செடியில் மாவுப்பூச்சி மட்டும்தான் இருந்தது. குஞ்சு ஒன்றுகூட மிச்சமில்லை.

நூர்பானு பாட்டிலைத் திறந்து, தன் குண்டுப் பூச்சியை அவன் செடியில் மெதுவாக ஏற்றிவிட்டாள்.

“எம்புட்டு மாவுப்பூச்சி கெடக்கு. இந்த ஒண்ணு போதுமாட்டி?” என்று கேட்டான் சேதுபதி.

“போதும். ஒரே ராத்திரியில இது ஒரு குச்சியவே காலி பண்ணுனதைப் பாத்தவ நான்,” என்றாள் நூர்பானு. அப்போதுதான் காலையில் விட்டுவிட்டு வந்த தோசை நினைவுக்கு வந்து, அவள் வயிறு சத்தம் போட்டது.